சேர்ந்த ரத்தமும் சேராத ரத்தமும்

நான் ரத்தம் கொடுக்கப் போகவில்லை. கட்டு மாற்றத்தான் போனேன். அப்போது ரோடு போடும் ஸ்டீம் எஞ்சினில் கரி தள்ளும் வேலை எனக்கு. கொதிநீர் இடது கையில் கொட்டிவிட்டதால் நான் குடியிருந்த பிரிக்பீல்ட்சிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கட்டுப் போடும் டிரெசர் வாய் ஓயாமல் பேசுகிறவர். நானும் அப்படித்தான். எனக்குக் கட்டு மாற்றும்போது வரிசையில் நிற்பவர்களுக்குப் பொழுது நன்றாகப் போகும்.

ஒருநாள் அவர் பேசவில்லை. என் வலது கையைத் திருப்பி நரம்பைப் பார்த்தார்.

"நீ பயப்படுற ஆளா?"

"எதுக்குன்னு சொன்னா பயந்து பாக்கிறேன்."

மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணை லோரியில் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. வேறு ஒருவருடைய ரத்தத்தை ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன்தான் முதலில் கையை நீட்டியிருக்கிறான். கண்ணாடித் துண்டில் அவன் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் கலந்தார்களாம். திரிந்த பால் போலக் கட்டிகட்டியாகி, சேரவில்லை. என் ரத்தத்தைக் கலந்தார்கள். சேர்ந்துவிட்டது.

"சேருது, சேருது" என்று டிரெசர் சொன்னபோது அந்தப் புருஷன் பக்கத்தில்தான் நின்றான். கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். என் கண்ணெல்லாம் ஊசி மேலேயே இருந்ததால் அவன் முகத்தைக் கவனிக்கவில்லை.

கொடுத்துவிட்டு ஒரு தம்ளர் பாலைக் குடித்தேன், கொஞ்சம் தலை சுற்றியது, வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் பிழைத்தாள் என்று அடுத்த கட்டு மாற்றும்போது கேள்விப்பட்டேன். எஞ்சின் ஓட்டுகிறவர் என்னைவிட மூத்தவர், கேலிக்காரர். "கரி தின்ன ரத்தம்டா உன்னது. அந்தப் பொண்ணு இனிமே வாய் தொறந்தா புகைதான் வரும்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு உயிரைக் காப்பாற்றியவன் என்று என்னை நானே இரண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டதும் உண்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புருஷன் என்னைத் தேடிக்கொண்டு பிரிக்பீல்ட்சுக்கு வந்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, ஒரு எட்டு தோட்டத்துக்கு வாங்க. எங்கம்மா அவளைக் கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பப் போவுது. புள்ளைய மட்டும் வச்சுக்குமாம்."

"ஏம்பா, நல்லாத்தானே இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா. உங்க ரத்தம் சேர்ந்துதான் இருக்கா. அதாண்ணே சங்கடம்."

ஒன்றும் விளங்காமலே அவனுடன் ரயிலேறிக் கிள்ளான் போய், அங்கிருந்து தோட்டத்து லோரியில் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அவன் தாயார் வாசலிலேயே இருந்தார். நான் என்ன ஆளுக என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். அதில் அவருக்கு வருத்தமில்லை, வருத்தம் வேறு.

"பத்துப் பொருத்தமும் இருக்குன்னு ஜோசியன் சொன்னான், கட்டி வச்சோம். இப்ப ஆஸ்பத்திரில கண்ணாடி வச்சுப் பாத்திருக்காங்க. என் மகன் ரத்தம் அவளுக்குச் சேரலே. எங்கேயோ ரோட்டுல எஞ்சின் ஓட்டுற உங்க ரத்தம் சேருது. அப்ப இவ யாருக்கு அமைஞ்சவ? நீங்களே சொல்லுங்க."

அவர் கத்தவில்லை. அழவும் இல்லை. அரிசி விலையைக் கேட்பதுபோலக் கேட்டார். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் பிள்ளையோடு நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரத்தம் என் கையிலிருந்து ஒரு பாட்டிலுக்குப் போனது, பாட்டில் ஒரு கதவுக்குள் போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இவள்.

எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

"சேரக்கூடாதும்மா" என்றேன். "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ரத்தமா இருந்தா அண்ணன் தங்கச்சின்னு ஆயிடாதா? பங்காளி வீட்டுல பொண்ணெடுப்பீங்களா நீங்க? அவங்களுக்குச் சேராததுதான் முறை. எனக்குச் சேந்துச்சுன்னா, அவ எனக்குத் தங்கச்சி."

அம்மா வெற்றிலையை வாயில் போட்டு நன்றாக மென்றார். மகனைப் பார்த்தார்.

"நியாயந்தானே" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "உங்கண்ணன் வந்திருக்காரு, காப்பி போடு" என்றார்.

திரும்பி வரும்போது அந்தப் புருஷன் என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். ரயிலில் உட்கார்ந்து நான் சொன்னதையே எனக்குள் சொல்லிப் பார்த்தேன். உண்மையா பொய்யா என்று தெரியவில்லை. வாயில் வந்தபோது எனக்கே சரியாகத்தான் பட்டது. சரியாகப் படுவதெல்லாம் சரியாகிவிடுமா என்ன? ஆனால் அவள் கப்பல் ஏறவில்லை. அது போதாதா என்றும் இருந்தது.

சில மாதம் கழித்து டிரெசர் ஆள் அனுப்பினார். மறுபடியும் ஒரு பெண், வயிற்றில் ஆபரேஷன். போய்க் கையை நீட்டினேன். இந்தத் தடவை என் ரத்தம் சேரவில்லை.

"புருஷன் ரத்தம் அருமையாச் சேருது. அந்த ஆளு குடுக்கமாட்டேங்கிறான். நீ நல்லாப் பேசுவியே, கொஞ்சம் பேசிப் பாரு" என்றார் டிரெசர்.

வராந்தா பெஞ்சில் அவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எந்தப் பக்கம் என்று கேட்டேன். மேரு என்றான், தோட்டத்தின் பேரையும் சொன்னான். நான் போய்ப் பேசிவிட்டு வந்த அதே தோட்டம்.

"ஊசிக்குப் பயமா தம்பி?"

"ஊசி என்னண்ணே ஊசி. என் ரத்தம் அவளுக்குச் சேருதாம். எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், ரத்தம் சேந்தா அண்ணன் தங்கச்சின்னு. யாரோ எஞ்சின்காரரு வந்து வெவரமாச் சொல்லியிருக்காரு. எங்களுக்குப் புள்ளைங்க இருக்குண்ணே. நான் குடுத்துட்டு அவ முகத்தை எப்படிப் பாப்பேன்?"

"குடுக்கலேன்னா பாக்கிறதுக்கு முகமே இருக்காது" என்று டிரெசர் பின்னாலிருந்து சொன்னார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக விளக்கினார். ரத்தத்தில் சில வகைகள்தான் உண்டாம். என் ரத்தம் பாசாரில் மீன் விற்கும் சீனருக்குச் சேரலாம், தோட்டத்துத் துரைக்குச் சேரலாம், கூடப் பிறந்தவனுக்குச் சேராமலும் போகலாம். "இதுல முறை கிறை ஒண்ணும் கிடையாது. எந்தப் புண்ணியவான் இதைக் கிளப்பிவிட்டானோ" என்றார்.

அந்தப் புண்ணியவானாகிய நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒருத்தி கிடக்கிறாள். மேருவில் ஒருத்தி என் பேச்சை நம்பிய வீட்டில் உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறந்தால் இவள் பிழைப்பாள். ஆனால் அந்த முதல் பெண்ணைப் பழையபடி கப்பலுக்கு அனுப்பப் பார்ப்பார்கள். உள்ளே கிடப்பவள் முகத்தையும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தது அந்த ஒரு முகத்தைத்தான்.

"தம்பி, அந்த எஞ்சின்காரன் நான்தான்" என்றேன்.

அவன் தலையைத் தூக்கினான். "அப்ப அங்க பொய் சொன்னீங்களா?"

"பொய்யின்னு தெரியாது."

"உண்மைன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது. இப்ப டிரெசர் சொல்றதுதான் சரியா இருக்கணும்."

 அவன் எழுந்து சட்டைக் கையைச் சுருட்டினான். "ஞாயித்துக்கிழமை வந்து எங்க ஆளுங்க முன்னாடி நீங்களே இதைச் சொல்லணும். சொல்லலேன்னா தங்கச்சியக் கட்டினவன்னு என்னைச் சும்மா விடமாட்டாங்க. வருவீங்களா?"

வருகிறேன் என்றேன். அவன் உள்ளே போனான். அவன் மனைவியும் பிழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால், நான் தங்கச்சி என்று சொன்ன பெண்ணின் வீட்டுக்குத்தான் போனேன். அந்தப் பெண்ணைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. ஆனால் எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, ஒரே வார்த்தையாச் சொல்லு. சேரணுமா, சேரக்கூடாதா?"

"சேந்தாலும் சேரும்மா, சேராமலும் போவும். அதுக்கும் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லேங்கிறாங்க."

"அன்னிக்கு அப்படிச் சொன்னே."

"அன்னிக்கு அப்படித் தோணுச்சு."

"உனக்குத் தோணினதை நம்பியா நான் மருமகளை வீட்டுல வச்சிருக்கேன்?"

 அந்தப் பெண் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இவனைப் பிடிங்க அத்தே, அடுப்புல சோறு பொங்குது" என்று பிள்ளையை மாமியார் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமியார் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார், வேறென்ன செய்வார். அது அவருடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களைப் பிரித்துக்கொண்டே என்னைத் திட்டினார். ஜோசியனைத் திட்டினார். ஆஸ்பத்திரிக் கண்ணாடியைத் திட்டினார். மருமகளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. லயத்தின் அந்தக் கோடியில் ஆண்கள் எனக்காகக் கூடியிருந்தார்கள். அம்மா என்னைப் போகவும் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. உள்ளே அவள் கஞ்சி வடிக்கும் சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலிலேயே நின்றேன்.