இறந்த பிறகும் தலைமை வகித்தவர்

எங்கள் காட்டுப்பாக்கம் சர்ச் கமிட்டியில் போன மாதம் நடந்ததை எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள்... ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தப் பக்கம் தனியாக வந்து பார்க்கலாம்.

கமிட்டி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். யுத்தத்தால் பர்மா அரிசி நின்றதிலிருந்து சர்ச் வளாகத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். எல்லா ஜாதியும் வரும். கஞ்சி குடித்து, பானைத் தண்ணீரும் குடித்துவிட்டுப் போகும். அதை நடத்த ஐந்தாறு பேர். பாதிரியார் பூந்தமல்லியிலிருந்து எப்போதாவதுதான் வருவார்.

எங்கள் தலைவர் தாவீது அய்யா, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கஞ்சி யோசனையே அவருடையதுதான். வளாகத்துக் கிணற்றையும் முன்னின்று வெட்டியவர் அவரே. தங்கமான மனிதர். ஆனால் மீட்டிங்கில் யாராவது புதிதாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தால் போதும் — தொண்டையை இரண்டு தரம் கனைப்பார். பேச எழுந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

மழைக்குப் பிறகு ஊரில் வாந்திபேதி வந்தது. அய்யாவையும் கொண்டுபோய்விட்டது.

ரெபேக்காள் டீச்சரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அய்யாவின் கைப்பிடி நாற்காலியில் அவர் உட்காரவில்லை. ஓரத்து பெஞ்சில் ஒண்டிக்கொண்டார். மரியாதை என்று நினைத்தேன். எதைப் பேசினாலும் எல்லார் கண்ணும் அந்தக் காலி நாற்காலிக்குப் போய்த் திரும்பும். அனுமதி கேட்பதுபோல.

பிறகுதான் கனைப்பு ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்த பளிச்சென்ற பகல். கஞ்சி காய்ச்சும் சாராள் அக்கா எழுந்து, “டீச்சர், அந்தக் கெணத்துத் தண்ணி...” என்றார்.

க்ஹும். க்ஹும்.

சாராள் அக்கா உட்கார்ந்துவிட்டார். நான் தச்சர் ஏசடியானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ‘கனைத்தது நீயா?’ என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இல்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

அப்புறம் கனவுகள். “அய்யா வந்தார்பா. எதயும் மாத்தாதேன்னு சொல்லிகினே நின்னாரு” என்றார் ஏசடியான். இன்னொருவர் கனவில் வந்து, கஞ்சியைக் காலையிலேயே ஊற்றச் சொன்னாராம். உயிரோடு இருந்தபோது மனிதருக்கு ஒரே கருத்துதான். இறந்த பிறகு ஆளுக்கொன்று!

இதற்கிடையே சாவு மேளம் தினமும் கேட்டது. சாலையில் ஒரு வண்டிக்காரர் என்னை நிறுத்தினார். “இன்னா நைனா, உங்களாண்ட கஞ்சி குடிச்சவங்களயாப் பாத்து ஆண்டவரு இட்டுக்கினு போறாரு?”

அதை அப்படியே டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு. டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்தார். நேரே போய் அய்யாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“சூடா கீது” என்றார்.

காலையிலிருந்து யாரும் அதில் உட்காரவில்லை. வெயிலும் அந்த மூலைக்கு எட்டாது. நான் போய்க் கைப்பிடியைத் தொட்டேன். யாரோ வெகு நேரம் உட்கார்ந்திருந்து அப்போதுதான் எழுந்துபோனதுபோல... கையை எடுத்துக்கொண்டேன்.

க்ஹும். க்ஹும். இந்தத் தடவை டீச்சரின் காதோரம்.

அவர் ஓடவில்லை. பக்கத்தில் திரும்பிச் சொன்னார்: “அய்யா, நீங்க சொல்ல வேண்டியத எல்லாம் சொல்லிட்டீங்க. இனி இவங்க சொல்லட்டும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

பிறகு எங்களிடம், “அய்யா இன்னா நெனைப்பாருன்னு யாரும் சொல்லவேணாம். உங்க கண்ணால பாத்தத சொல்லுங்க. தப்பாவே இருந்தாலும் பரவால்ல. நீங்க முடிக்கிறவரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

சொன்னபடியே டீச்சர் காத்திருந்தார்.

“மழைக்கு அப்பால கெணத்துத் தண்ணி நாறுது டீச்சர்” என்றார் சாராள் அக்கா. “கஞ்சியாச்சும் கொதிக்குது. குடிக்கிற பானைக்கு அப்டியேதான் ஊத்துறேன்.”

ஏசடியான் தரையைப் பார்த்தபடி, “கெணத்து உள்சுவரு வெடிச்சிகினு கீது. ராட்டினம் மாட்டும்போது பாத்தேன். சாக்கடத் தண்ணி உள்ள கசியுது.”

நானும் சொன்னேன்: மேலத்தெருவில் சொந்தக் கிணறு உள்ள வீடுகளில் ஒருவருக்கும் நோய் இல்லை.

மூன்று பேச்சும் சேர்ந்து நடு அறையில் வந்து நின்றன. நோயைக் கொடுத்தது நாங்கள்தான்... எங்கள் புண்ணியப் பானைதான்.

“ஏன் இத்தினி நாளா சொல்லல?” என்று கேட்டார் டீச்சர்.

“அய்யா வெட்டின கெணறாச்சே” என்று அழுதார் சாராள் அக்கா. “அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டேன்.”

அய்யாவும் கடைசி நாள்வரை அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

அன்று மத்தியானமே ஏசடியான் பலகை அடித்துக் கிணற்றை மூடினார். வேறு கிணற்றுத் தண்ணீர் வண்டியில் வந்தது. காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தோம். சாவு மேளம் குறைந்தது. பிறகு நின்றது.

கனைத்தது யார்? ஜன்னல் காற்று என்கிறார் ஏசடியான். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் தோன்றுகிறது — பயந்து பயந்து பழகிய கூட்டத்துக்குத் தலைவர் செத்தாலும் விடுதலை கிடையாது. அவர் கனைப்பு நம் தொண்டைக்குள்ளேயே குடிவந்துவிடுகிறது. சர்ச் ஆனாலும் சரி, சங்கம் ஆனாலும் சரி.

இப்போது எல்லாரும் பாயில் வட்டமாக உட்காருகிறோம். போன ஞாயிறு டீச்சர், கஞ்சியை இனி சாயங்காலம் ஊற்றலாம் என்றார்.

“அது தப்பு டீச்சர்” என்றார் சாராள் அக்கா.

எல்லார் காதும் கனைப்பைத் தேடியது.

“ஏன் தப்பு? சொல்லுங்கக்கா” என்று டீச்சர் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஒரே கூச்சல், சண்டை... எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!