என் மகளுக்குப் பேன் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

பெற்ற பிள்ளையைப் பார்க்க எனக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். முதல் முறை ஒரு மணி நேரம், சிரம்பான் வெல்ஃபேர் ஆபீசின் பின்கட்டில். அவளை இப்போது வளர்க்கிறவள் கூடவே இருப்பாள். இரண்டாம் முறை அவள் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருவாள். மூன்றாம் முறை பிள்ளை என்னோடு நான் தங்கியிருந்த லோபாக்குக்கு வந்து மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பும். மூன்றும் ஒழுங்காக நடந்தால்தான் அவளை என்னிடம் விடுவதைப் பற்றிப் பேச்சே. கேட்கக் கேட்க எனக்கு உள்ளங்கால் எரிந்தது. உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. அவனோடு சண்டை போட்ட காட்டுக்காரர்களுக்கு அரிசி வைத்தேன் என்று என்னை ரப்பர் தோட்டத்திலிருந்து பிடித்துப் போய் இரண்டு வருஷம் முகாமில் அடைத்திருந்தார்கள். வைக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். புருஷன் அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். நாலு வயது மகளைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரும் அவர் மனைவியும் பாதுகாவலர்களாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என்னை வெளியே விட்டபோது, அந்தத் தோட்டத்து வேலிக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. லோபாக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன்.

வெல்ஃபேர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படத் தெரியாத மனுஷி. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பும்.

"பிள்ளைக்கு முன்னால அழக்கூடாது. வா எண்டு இழுக்கக்கூடாது. அம்மா எண்டு கூப்பிடச் சொல்லக்கூடாது," என்றார்.

"மூச்சு விடலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "சின்னனில அவளோட என்ன செய்வீங்கள்?" என்றார்.

பால்வெட்டு முடிந்து வந்ததும் லயத்து வீட்டு வாசற்படியில் அவளை முன்னால் உட்காரவைத்துப் பேன் பார்ப்பேன் என்றேன்.

"அப்ப அதையே செய்யுங்கோ. முகத்துக்கு முகம் பாக்கத் தேவையில்லை. அவளுக்கும் சுகம், உங்களுக்கும் சுகம்."

இந்த அம்மாவுக்கு மூளை இருக்கிறது என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

முதல் சந்திப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருக்கிற இரண்டு சேலையையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். ஆபீஸ் கதவு திறக்கும் முன் அந்தத் தெருவை எத்தனை தரம் அளந்தேனோ. பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என் கையை விட்டுப்போன பிள்ளை இல்லை. வளர்ந்திருந்தாள், சப்பாத்து போட்டிருந்தாள். டிரெசர் மனைவியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இவங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா நான் இல்லை.

"பேன் பாக்கட்டுமா?" என்றேன்.

வேறெதற்கும் வராதவள் அதற்கு வந்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரிப்பனை அவிழ்த்தேன். பேனும் இல்லை, ஈரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரித் தலை. டிரெசர் வீட்டுப் பிள்ளை அல்லவா! கையை எடுத்தால் எழுந்துவிடுவாளே என்று வகிடு மாற்றி வகிடு மாற்றித் தேடினேன். இரண்டு கட்டைவிரல் நகத்தையும் சேர்த்து சும்மா நசுக்கினேன்.

"கெடச்சிச்சா?"

"ஒண்ணு கெடச்சிச்சிம்மா."

"காட்டுங்க."

காட்ட என்ன இருக்கிறது? "அம்மா தெனம் சீப்பு போடுறாங்க. எனக்குப் பேனே இல்ல," என்று எழுந்து போய்விட்டாள். மீதி நேரமெல்லாம் டிரெசர் மனைவியின் மடியில்தான் இருந்தாள். இவ்வளவு சுத்தமாக வளர்த்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். அவிழ்த்த ரிப்பனை மட்டும் அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பஸ் வந்தது, அவர்கள் வரவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பட்டாளம் சோதனை போட்டதாம், ஒருவரையும் வெளியே விடவில்லையாம். ஆபீஸ் வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடையாய் நடந்தேன். "பட்டாளம் என்ர திட்டத்தைக் கேட்டு நடக்கிறதில்லையே," என்று வெல்ஃபேர் அம்மா அன்றைக்குப் போய்ச் சிரித்தார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

அதற்கடுத்த வாரம் வந்தார்கள். டிரெசர் மனைவி பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு நேராக வெல்ஃபேர் அம்மாவிடம் போனாள்.

"தல பூரா பேன். ரெண்டு வருஷமா ஒண்ண அண்ட விட்டிருப்பேனா? இந்தப் பொம்பள கை பட்ட பிறகுதான் வந்துச்சி. இனிமே கூட்டிக்கிட்டு வரமாட்டேன்."

வெல்ஃபேர் அம்மா என்னைப் பார்த்தார். பாதுகாவலர் மாட்டேன் என்றால் சந்திப்பை நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டிவரும் என்றார். நிறுத்தினால் எத்தனை மாதமோ, அதற்குள் பிள்ளை என்னை அடியோடு மறந்துவிடுவாள். "நான் இல்லீங்க," என்றேன். அரிசிக்கும் இதையேதான் சொன்னேன். அப்போது நம்பாதவர்கள் பேனுக்கா நம்பப் போகிறார்கள்?

கூப்பிடாமலே மகள் உள்ளே வந்தாள்.

"அவங்க இல்லம்மா," என்றாள் டிரெசர் மனைவியிடம். "நான்தான் ஸ்கூல்ல பக்கத்துல ஒக்கார்ற புள்ள தலையோட தலைய ஒட்டி வச்சிக்கிட்டேன். தெனம் வச்சேன்."

"ஏன்டி?"

"அவ்ளோ நேரம் தேடுனாங்க, ஒண்ணுமே கெடைக்கல. பாவம்லா."

டிரெசர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னிடம், "வெளிச்சத்துல ஒக்காந்து பாருங்க. இங்க ஒண்ணும் தெரியாது," என்றாள்.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். மகள் தன் ரிப்பனைத் தானே அவிழ்த்துக்கொண்டு என் முழங்கால்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். அழக்கூடாது என்ற கட்டளையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நல்லவேளை, அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது. ஒரு பேனை எடுத்து நசுக்கினேன். சத்தம் கேட்டதும் அவள் திரும்பாமலே சொன்னாள்:

"மெதுவா பாருங்க. எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடாதீங்க."