நீல ஃபியூஸுக்குப் பதில் பச்சை

என் அத்தை மகள் வடிவம்மாவின் இரண்டாவது பிள்ளைதான் கணேஸ். முறைக்கு எனக்கு மகன். பேராதனையில் கலஹா ரோடு பிரிகிற இடத்துக்குக் கிட்ட, தகரக் கொட்டகையில் வாகனங்களுக்கு கரண்ட் வேலை பார்க்கிறான். கார் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறதா, ரிமோட்டை அமத்தினால் மூன்று கதவு திறந்து ஒன்று திறக்க மாட்டேன் என்கிறதா, கம்பளையிலிருந்தும் வத்தேகமையிலிருந்தும் அவனைத்தான் தேடி வருவார்கள்.

பூட்டு வேலையில் பேர் எடுத்தவனுக்குப் பூட்டிய கதவென்றால் பயம். அதற்குக் காரணம் உண்டு. வடிவம்மாவின் மூத்தது பெண். வடிவம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளையை உள்ளே விட்டு வெளியே கொண்டியை மாட்டிவிட்டுப் போவாள். அந்தக் காலத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு நாள் லயம் பற்றிக்கொண்டது. கைக்குழந்தை கணேஸ், தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கிடந்ததால் தப்பினான். அக்காள் தப்பவில்லை. பெரியவனான பிறகும் கக்கூஸ் கதவைக்கூடச் சாத்த மாட்டான். காருக்குள் உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு காலை வெளியே போட்டுக்கொள்வான். அவன் பெண்சாதி பிரேமிளா, "அந்தக் கால் மேல ஒரு நாளைக்கு பஸ்காரன் ஏத்திட்டுப் போகப் போறான்" என்பாள்.

போன வருஷம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சண்முகநாதன் காரைக் கொண்டுவந்து விட்டார். கண்டி டவுனில் சில்லறைச் சாமான் கடை வைத்திருப்பவர். ஜப்பானில் ஓடி இங்கே வந்த பழைய கார், வாங்கி நாலு மாதம். வளைவில் திரும்பினால் நாலு கதவும் டக்கென்று பூட்டிக்கொள்ளும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஃபியூஸ் எரியும்.

கணேஸ் டிரைவர் கதவின் உள்தகட்டைக் கழற்றி உள்ளே இருந்த சுவிட்சை மாற்றினான். ஃபியூஸ் மறுபடி எரிந்தது. கோளாறு கதவில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு கதவின் கம்பியாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதற்குள் ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால் எப்படிப் பார்ப்பது? பதினைந்து ஆம்பியர் தாங்குகிற நீல ஃபியூஸை எடுத்துவிட்டு, முப்பது தாங்குகிற பச்சையைச் செருகினான். பரிசோதனைக்கு மட்டும்தான். கதவின் உள்தகட்டை மாட்டிவிட்டு, பிரேமிளாவைக் கொட்டகையில் விட்டு, வயரில் சுற்றுகிற டேப் வாங்கக் கடைக்குப் போனான்.

திரும்பி வந்தால் காரைக் காணோம்.

"மொதலாளி வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. தெல்தோட்ட கோயில்ல பூச, நேரமாச்சுன்னாரு. கதவெல்லாம் மாட்டி இருந்துச்சு, வேல முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு சாவியக் குடுத்தேன்" என்றாள் பிரேமிளா. "அவரோட அம்மாவும் பின்னால இருந்தாங்க."

சின்ன ஃபியூஸ் என்றால் கோளாறு வந்த உடனே எரிந்து கரண்டை நிறுத்திவிடும். பச்சை நிறுத்தாது. கம்பிதான் எரியும். சண்முகநாதன் பேரப்பிள்ளைகளுக்காகப் பின் கதவு இரண்டையும் உள்ளிருந்து திறக்க முடியாதபடி வைத்திருக்கிறார் என்பதும் கணேஸுக்குத் தெரியும். போன் எடுத்தான். மலையில் சிக்னல் இல்லை. மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

அந்த ரோட்டில் எத்தனை வளைவு! ஒவ்வொரு வளைவிலும் அவனுக்கு அந்த டக் சத்தம் கேட்டதாம். கலஹா தாண்டி ஒரு இடத்தில் தேயிலைக்கு நடுவே புகை எழும்பியது. கிட்டப் போனால் யாரோ குப்பை கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பிரேக்கையே பிடிக்கவில்லை என்று என்னிடம் சொன்னான்.

கோயில் வாசலில் கார் நின்றது, இன்ஜின் ஓடியபடி. சண்முகநாதன் அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் நின்றார். முகத்தில் சிரிப்பு.

"வாங்க தம்பி, சாமியே அனுப்பின மாதிரி வந்தீங்க! தட்ட எடுக்க எறங்கினேன், பூட்டிக்கிச்சு. சாவி உள்ளுக்க. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல, ஏசியில குளுகுளுன்னு இருக்காங்க."

பின் சீட்டில் அவர் அம்மா சுப்பம்மா ஆச்சி. முழங்கால் வீங்கிய மனுஷி, முன் சீட்டுக்கு எட்ட முடியாது. கணேஸ் கண்ணாடியில் காதை வைத்தான். டக் டக் டக் டக் என்று நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். சண்முகநாதன் அதைச் சாம்பிராணி என்று நினைத்திருக்கிறார்.

கணேஸ் பையிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்தான்.

"அடேய், என்னடா செய்ற! என் காருடா!"

முன் கதவுக் கண்ணாடி முதல் அடியில் உடையவில்லை. அதற்குள் ஸ்டியரிங்குக்குக் கீழே புகை கசிந்தது. ஆச்சி இருமினாள், பிறகு கத்தினாள், பிறகு உள்ளேயிருந்து இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது. கணேஸ் கையை விட்டுக் கதவைத் திறந்து, சாவியைத் திருப்பி, சூடாக இருந்த ஃபியூஸைப் பிடுங்கி எறிந்தான். சத்தம் நின்றது. சண்முகநாதன் பின் கதவைத் திறந்து அம்மாவைத் தூக்கி வெளியே எடுத்தார். தட்டு கீழே கிடந்தது.

மூச்சு வந்த பிறகு கணேஸ் ஃபியூஸ் பெட்டி மூடியைக் கழற்றினான். அதன் பின்னால், கம்பிகளுக்கு நடுவே, கருகிய சிவப்புப் பட்டுத் துணி. அதற்குள் எழுத்துக் கீறிய செப்புத் தகடு. கார் குலுங்கும்போதெல்லாம் அது பூட்டுக் கம்பியையும் இரும்பையும் சேர்த்துத் தொட்டிருக்கிறது. அன்றைக்கு ஒரேயடியாகச் சரிந்து ஒட்டிக்கொண்டது.

"யாரு வச்சது?" என்றான்.

சத்தம் கேட்டு வந்திருந்த கோயில் பூசாரி தன் கால் விரலைப் பார்த்தார். கடைசியில் ஆச்சிதான், "நாந்தான்யா, கார் வாங்குன அன்னைக்கே சொருகினேன். விபத்து அண்டாம இருக்க பூசாரி மந்திரிச்சுக் குடுத்தது. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க" என்றாள்.

"நாலு மாசமா நான் ஒவ்வொரு கராஜா ஏறி எறங்குறேன், வாயத் தெறக்கலயே!" என்று பாய்ந்தார் சண்முகநாதன்.

பழியை அங்கேயே விட்டுவிட்டு கணேஸ் வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவன் கீழே கிடந்த பச்சை ஃபியூஸைப் பொறுக்கி அவர் கையில் வைத்தான்.

"ஆச்சிய ஏசாதீங்க மொதலாளி. தகடு பூட்டத்தான் செஞ்சிச்சு. பொகைய வரவச்சது நான். இதுக்குப் பாதிதான் போடணும். பெருசாப் போட்டுட்டு விட்டுட்டுப் போயிட்டேன்."

சண்முகநாதன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் கணேஸ் நினைத்தான். அவர் அம்மாவைப் பார்த்தார், உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். "நீ வராம இருந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். கணேஸ் கோயில் சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

"இனி இத எங்க வைக்கிறது?" என்று ஆச்சி தகட்டை முந்தானையில் துடைத்தாள்.

"ஒங்க இடுப்புல சொருகுங்க. அங்க கம்பி இல்ல."

பூட்டுக்கு ஃபியூஸ் போடாமலே கார் இறங்கியது. ஆச்சி பின் சீட்டில் ஏற மாட்டேன் என்று முன்னால் உட்கார்ந்து, கதவுப் பிடியைப் பேராதனை வரைக்கும் விடவில்லை. கணேஸ் பின்னால் வந்தான். பின் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்ததில் ரோட்டைப் பார்க்கவில்லை, இரண்டு தடவை ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிவிட்டேன் என்று சொன்னான்.