ரதொய்காவும் அவள் சிமரும்

பெல்கிரேடில் ஒரே வீட்டைப் பங்குபோட்டுக் குடியிருப்பவரைச் 'சிமர்' என்பார்கள். மாணவர்கள் வாயில் புழங்கும் சொல் அது. விவாகரத்துக்குப் பிறகு ரதொய்காவின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. போக வேறு இடமில்லாததால் அவளும் முன்னாள் கணவன் மிலோராதும் ஆளுக்கொரு அறையில் இருந்தார்கள். சமையலறை பொது. அவன் மீன் பொரித்த சட்டி தொட்டியில் ஊறி நாறும். குமட்டலை அடக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அவளே தேய்ப்பாள். அவன் அழுக்குத் துணியையும் துவைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பெண்ணை அழைத்து வந்தான்.

"இவங்க யாரு?" என்றாள் வந்தவள், ரதொய்காவைப் பார்த்து.

"என் சிமர். துணியெல்லாம் துவைச்சுப் போடுவா" என்று இளித்தான் மிலோராத்.

ரதொய்கா, அவன் காலுறைகள் ஊறிக்கொண்டிருந்த வாளியைத் தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"சிமர் துணி துவைக்க மாட்டா, மிலோராத். அது பொண்டாட்டி பாத்த வேலை. அவளத்தான் நீ கோர்ட்டுலயே விட்டுட்டு வந்துட்டியே!" பிறகு வந்தவளிடம் சொன்னாள்: "மேசையில கைய வைக்காதீங்கம்மா. இவரு கால் நகம் வெட்டுறது அதுலதான்."

அந்தப் பெண் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

வாளி அங்கேயே கிடந்து நாறியது. ரதொய்கா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டித் தாண்டிப் போனாளே தவிர, கை வைக்கவில்லை. கடைசியில் மிலோராதே உட்கார்ந்து துவைத்தான்.