கோட்டக்காவும் பூவில் வந்த வண்டும்

கோட்டு வாடகைக் கடை நடத்துபவளைத் தெருவே கோட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. நாற்பது வயது. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் குண்டூசிகளை வாயில் கவ்விக்கொள்வாள், பதில் சொல்ல வேண்டாமே! அப்படிப்பட்டவள் இப்போது தரையில் கால் பாவாமல் திரிந்தாள். காரணம், எதிர்க் கட்டடத்து லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை தவறாமல் வருவார், பூங்கொத்தை மேசையில் வைப்பார், காது சிவக்க ஓடிவிடுவார். மனுஷனுக்கு வாயில் வார்த்தையே வராது.

கோட்டுகளைப் பூச்சி அரிக்காமலிருக்கப் போட்டிருந்த அந்துருண்டைகளின் நாற்றம் பூ வாசனையைக் கெடுக்கிறதென்று, உருண்டை அத்தனையையும் அள்ளிக் குப்பையில் கொட்டினாள். கொஞ்ச நாளில் கோட்டுகளில் ஓட்டை விழுந்தது. திருப்பிக் கொடுக்க வந்தவர்களைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா நான் சிகரெட்டே தொட்டதில்லக்கா!"

"அப்ப கோட்டு தானா சிகரெட் பிடிச்சுதாக்கும்?"

அடுத்த சனிக்கிழமை மெக்கானிக் பூவை வைத்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கையில், அதிலிருந்து கடுகளவு புள்ளி வண்டு ஒன்று இறங்கியது. சொந்த வீட்டுக்குப் போவதுபோல மேசையைத் தாண்டி, கறுப்புக் கம்பளிக் கோட்டின் காலருக்குள் நுழைந்தது. காலரைப் புரட்டினாள். உள்ளே மயிர் சிலிர்த்த குட்டிப் புழுக்கள் பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பூந்தாது தின்ன வந்த வண்டுகள் கம்பளியில் முட்டை போட்டு, பிள்ளைகளுக்கு விருந்தும் வைத்துவிட்டன!

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசல் பக்கம் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. சொல்லாவிட்டால் கடை போச்சு. பூ வேண்டாம் என்றால், தன்னையே வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து இந்த மனுஷன் போய்விடுவாரே.

"நில்லுங்க! இனிமே பூ கொண்டு வராதீங்க."

வாசலில் நின்றவரின் முகம் தொங்கிப்போனது. "புரியுதுங்க."

"என்ன புரிஞ்சுது? இங்க வாங்க!" கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து காலரைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தவர் அரண்டுபோனார். "ஐயையோ, இதெல்லாம் என்னாலயா?"

"எல்லாம் உங்க புண்ணியந்தான்."

பிடித்த கையை அவள் விடவில்லை, அவரும் உருவிக்கொள்ளவில்லை. மூச்சை இழுத்துவிட்டு, இதுவரை பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவர்போல ஒரே மூச்சில் கேட்டார். "அப்ப நான் என்ன சாக்கு வெச்சுத்தாங்க உங்களப் பாக்க வர்றது?"

கோட்டக்காவுக்குச் சந்தோஷம் தலைக்கேறியது.

"மோதிரம் கொண்டு வாங்க. அத எந்த வண்டும் திங்காது."

"அளவு தெரியாதேங்க."

"கை உங்ககிட்டதான இருக்கு, எடுத்துக்குங்க."