திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு சத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்துக்குக் கிழக்கே எங்கள் காலனியில் எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்த அதே சின்ன வெள்ளைக் காரை நாங்களும் வாங்கினோம். வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், முன்பக்கம் இடது சக்கரத்துக்கிட்டே சத்தம் வர ஆரம்பித்தது. டங். பள்ளத்தில் இறங்கினால் ஒரு டங். வேகத்தடையில் ஏறி இறங்கினால் இரண்டு. நல்ல தார் ரோட்டில் ஒன்றுமே இல்லை, பரம சாது.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். காரணம் இல்லாமல் எதுவும் அசையாது, எதுவும் சத்தம் போடாது என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவள். என் சொந்தக் காரே காரணம் சொல்லாமல் டங் டங் என்றால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். எரிச்சல்தான். ஆனால் எரிச்சலுக்குக் கீழே ஒரு குறுகுறுப்பும் இருந்தது. இது என்னவாக இருக்கும்?

கார் வாங்கியதே எனக்காகத்தான். பள்ளிக்கூடம் கோவிலம்பாக்கம் பக்கம். பஸ்ஸில் போனால் மேடவாக்கம் கூட்ரோட்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். அது வரும், நிற்காது. நின்றால் ஏற இடம் இருக்காது. போய்ச் சேரும்போது புடவை கசங்கி, மனசும் கசங்கிவிடும். என் வீட்டுக்காரர் கிண்டியில் வேலை, விடிந்ததும் எலக்ட்ரிக் டிரெயினைப் பிடித்துவிடுவார். அவருக்குக் கார் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். டிரைவிங் கிளாஸ் முடிந்து கொஞ்ச நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், அப்புறம் தனியாகப் போக விட்டார்.

தனியாக விடுவதில் முதலில் நின்றது என் மாமனார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "ஓட்டட்டும்டா. எத்தனை நாள் பக்கத்துலயே உக்காந்து வருவ? பயந்தா ஒண்ணும் நடக்காது" என்று மகனிடம் சொன்னார். அவர் அப்படித்தான். சாமி, சடங்கு, சகுனம் எதுவும் அவரிடம் செல்லாது. கார் வந்த அன்று எதிர்வீட்டு மாமி சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். "ஜூஸ் போட்டுக் குடுங்கம்மா, வெயிலுக்காவது நல்லது" என்று மாமா அதை மாமியின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமி ஒரு வாரம் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் காரை நான் எடுக்கும் நாளில் காலையில் ஈரத்துணியால் துடைத்து வைப்பதும், சாயங்காலம் வந்ததும் மண் போகத் துடைப்பதும் மாமாதான். நான் வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்.

சத்தத்தை முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அனகாபுத்தூரில் அவர் அத்தை வீடு வரைக்கும் போய் வந்தோம். அந்தச் சந்துகளில் இல்லாத பள்ளமா? எல்லாவற்றிலும் இறங்கி ஏறினோம். சத்தம் இல்லை. "எங்க?" என்றார். போன வாரமெல்லாம் வந்தது என்றேன். "சரி" என்றார். அந்த "சரி"யை அப்படியே எடுத்து அவர் சட்டைப் பையில் திணிக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கார் வாங்கிய இடத்தின் பட்டறைக்குப் போனோம். தூக்கிப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள், "புது வண்டி மேடம், செட் ஆகணும்" என்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை கேம்ப் ரோடு பக்கம் ஒரு மெக்கானிக். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "சத்தம் இன்னாத்துக்கு மேடம் வரப்போவுது? ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், புஷ்ஷு, எல்லாம் சோக்காத்தான் கீது. சும்மா பேஜார் பண்ணிக்காதீங்க" என்றார். வீட்டுக்காரர் அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஆம்பிளைகள் தங்களுக்குள் வைத்திருக்கிற அந்தச் சிரிப்பு.

திங்கட்கிழமை காலை ராஜகீழ்பாக்கம் தாண்டவில்லை. டங்.

எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் கெமிஸ்ட்ரி டீச்சரை மேடவாக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுப்போகும். முதல் வேகத்தடையிலேயே அவள், "என்ன டீச்சர், கீழ ஏதோ இடிக்குது?" என்றாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சத்தம் உண்மை. அப்படியானால் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை? ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், இதுதானே பாடம். முதலில் டிக்கியைக் காலி செய்தேன். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி வரைக்கும் இறக்கிவைத்துவிட்டுப் போனேன். சத்தம் வந்தது. டயரில் காற்றைக் குறைத்தேன், கூட்டினேன். வந்தது. காலைக் குளிரில் இரும்பு சுருங்கி இடைவெளி விடுகிறதோ என்று நினைத்து, ஒரு ஞாயிறு விடிகாலையில் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அதே நேரம், அதே ரோடு, அதே பள்ளம், தனியாகப் போய் வந்தேன். வரவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏதோ பண்டிகை, லீவு. அன்றைக்கும் ஓட்டிப் பார்த்தேன். கப்சிப்.

ஆக, பள்ளிக்கூடம் உள்ள நாளில் மட்டும் சத்தம் போடுகிறது, லீவு நாளில் ஓய்வு எடுக்கிறது. வேலை நாளில் பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் பரீட்சை நெருங்குகிறது, சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், முடிந்து வருவதற்குள் பட்டறையைச் சாத்திவிடுவார்கள். இதை நான் சாப்பாட்டு நேரத்தில் விளக்கமாகச் சொன்னேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "காருக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?" என்றார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்: "இதோ பாரு. சத்தம் இருக்குன்னா அது ஆபத்து, இந்த வாரத்தோட வண்டி எடுக்காத, பஸ்லயே போ. சத்தம் இல்லைன்னா அதைப் பத்திப் பேசாத. ரெண்டுல ஒண்ணு."

மறுபடியும் அந்தக் கூட்ரோடு, அந்த நிற்காத பஸ். மாமா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். எப்போதும் எனக்காகப் பேசுகிறவர் அன்று வாயே திறக்காதது எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

மறுநாள் மேடவாக்கம் ஏரி ஓரம் வண்டியை நிறுத்தினேன். முதல் பீரியட் போனால் போகட்டும். முன்பக்கம் வந்து, பம்பரின் மேல் இரண்டு கையையும் வைத்து என் எடை முழுவதையும் போட்டு அழுத்தி விட்டேன். டங். இன்னொரு தடவை. டங். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளில் போனவர் ஒருவர் காலை ஊன்றி, "இன்னா மேடம், பஞ்சரா?" என்றார். இல்லை என்றேன். பேப்பரை மண்ணில் விரித்து, புடவையைச் சொருகிக்கொண்டு, கவிழ்ந்து படுத்துக் கீழே பார்த்தேன்.

ஒரு லாடம். குதிரைக் குளம்பில் அடிப்பார்களே, திருஷ்டிக்கு வாசலில் மாட்டுவார்களே, அந்த லாடம். கருப்புக் கயிற்றில் கட்டி, பம்பருக்குப் பின்னால், சக்கரத்திலிருந்து குறுக்கே போகும் இரும்புத் தண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினேன். ஊஞ்சல் மாதிரி போய்ப் பக்கத்து இரும்பில் இடித்துவிட்டு வந்தது. நான் வகுப்பில் நூலும் குண்டும் வைத்துக் காட்டுகிற அதே ஊசல். சின்னக் குலுக்கலுக்கு இரும்பைத் தொடாது, பெரிய குலுக்கலுக்குத் தொடும். எவ்வளவு எளிது. இத்தனை நாள் மண்டையைக் குடைந்தது இதுதானா என்று ஒரு நிமிஷம் அங்கேயே படுத்து அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. யார் கட்டியது? எதிர்வீட்டு மாமியோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த முடிச்சை எனக்குத் தெரியும். இரண்டு சுற்று, ஒரு உள் வளையம், நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு முன்னால் மாமா கட்டுகிற கட்டு அது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த முடிச்சு வராது.

காலையில் ஈரத்துணியோடு குனிந்து கட்டியிருக்கிறார், சாயங்காலம் ஈரத்துணியோடு குனிந்து அவிழ்த்திருக்கிறார். மகன் வீட்டில் இருக்கிற நாளில் அது அங்கே இருக்காது. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். என் கல்யாணத்துக்கு முன்பே, காலேஜ் படிக்கும்போது, மொபெட்டில் போனவளை ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு லாரி அடித்துவிட்டது. அந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பெயரைக்கூட நான் வெளியாட்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் அதை அவிழ்க்கவில்லை. அப்படியே டங் டங் என்று பள்ளிக்கூடம் போனேன், அப்படியே வந்தேன். மாமா துணியோடு காத்திருந்தார். நான் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, இன்னைக்கு உன் சத்தம்?"

என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை, நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் ஊரெல்லாம் மூடநம்பிக்கைக்கு எதிராக வாதாடிய மனுஷனை அவர் மகன் முன்னால் எப்படி நிறுத்துவது? "நின்னு போச்சு. இனிமே வராது" என்றேன்.

"நான் சொல்லலை? காதுதான். ஒரு டாக்டர்கிட்ட காட்டு" என்று சிரித்தார்.

கொதித்தது. ரசத்தைத் தலையில் கொட்டியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன்.

"சத்தம் இருந்துதுடா" என்றார் மாமா.

நாங்கள் இரண்டு பேரும் நிமிர்ந்தோம். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ காதுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் கட்டினேன். லாடம். பல்லாவரம் சந்தைல வாங்கினேன், தெரிஞ்சவன் யாராவது பாக்குறானான்னு பாத்துகிட்டே. அதால ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும்." தட்டில் ஒரு பருக்கையை விரலால் ஓரமாக ஒதுக்கினார். "மொபெட்டுல அவளை ஒண்ணுமே கட்டாமத்தான் அனுப்பினேன். உங்கம்மா கேட்டா. கட்டணும்னு அவ்வளவு கேட்டா. நான்தான் சிரிச்சேன்."

என் மாமியாரும் அப்போது உயிரோடு இல்லை. வீட்டுக்காரர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். குழாயை ரொம்ப நேரம் மூடவே இல்லை. நான் மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

காலையில் வீட்டுக்காரர் டிரெயினுக்குப் போகவில்லை. வாசலில் கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி லாடத்தின் மேல் சுற்றி, பம்பரின் உள்பக்கம் கம்பி போட்டு அசையாமல் இறுக்கிக்கொண்டிருந்தார். மாமா துணியைக் கையில் வைத்தபடி நின்றார், துடைக்கவில்லை.

"ஏறு" என்றார் வீட்டுக்காரர் என்னிடம். அவர் இடது பக்கம் உட்கார்ந்தார். "அந்த வேகத்தடைல கொஞ்சம் வேகமாவே ஏத்து." ஏற்றினேன். சத்தம் இல்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கீழே கொடுத்துக் கேட்டார். "இன்னொரு தடவை." இன்னொரு தடவையும் போனேன். இந்த வண்டியில் ஒரு சத்தத்துக்காக அவர் காது கொடுத்தது அதுதான் முதல் முறை.

திரும்பி வந்தபோது மாமா கேட்டிலேயே நின்றிருந்தார். வீட்டுக்காரர் இறங்கி, பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே கழட்டாதீங்கப்பா. நான் ஓட்டுற அன்னைக்கும் இருக்கட்டும்."