காலைக் கீழே வைக்காத எலி

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. தலை பாதி நரைத்து, நரம்பு ஆராய்ச்சியில் பத்துப் பேர் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் இடத்துக்கு வந்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அவள் போய்ச் சேர்ந்துவிட்ட இன்றும் அவன் அப்படித்தான் சொல்கிறான். "பாப்பாவுக்குக் கசப்பு பிடிக்காது" என்பான். பிடிக்காமல் இருந்தது என்று சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.

அண்ணன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுபவன். துணியை அடுக்கடுக்காய் மேசையில் பரப்பி, மின்கத்தியைக் கோட்டின் மேல் ஓட்டுகிற வேலை. விரலால் தடவியே இது எந்த நூல், எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவான். கடையில் வாங்கும் வெள்ளைக் கோட்டுகளின் கை நீளமாக இருக்கிறது என்று பாப்பாவுக்கு ஆய்வுக்கூடக் கோட்டு எல்லாம் அவனே வெட்டித் தைத்துக் கொடுத்தான். ஒருநாள் கத்தி வழுக்கி அவன் வலது மணிக்கட்டில் இறங்கியது.

அறுவை மருத்துவர் அறுந்த நரம்பைத் தைத்துவிட்டார். ஆனால் நரம்பு மின்கம்பி அல்ல, முறுக்கிவிட்டால் விளக்கு எரிவதற்கு. வெட்டுக்கு அப்பால் இருக்கும் இழைகள் செத்துப்போகும்; புதிய இழை வெட்டுவாயிலிருந்து கிளம்பி விரல் நுனிவரை ஊர்ந்து போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் தசை வற்றிவிட்டால், அப்புறம் சேர்ந்தும் பயனில்லை. அண்ணனின் கட்டைவிரல் மேடு ஏற்கெனவே பள்ளமாகத் தொடங்கியிருந்தது.

பாப்பா அந்த ஊர்தலை வேகப்படுத்தும் மருந்தில்தான் பல வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தாள். எலிகளில் அது வேலை செய்தது. முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி கேட்டிருந்தார்கள்; அதை முடிவுசெய்யக் குழு கூடவிருந்தது. மருந்தை முதலில் பெறப்போகிறவர்கள் என்று மருத்துவர் தந்த பட்டியலில் அண்ணன் பெயரும் இருந்தது.

"இது என் கை இல்ல பாப்பா, யாரோ வாடகைக்கு விட்டுட்டுப் போன கை" என்று அன்று மாலை அவன் சிரித்தபடியே அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தொட்டான்.

"கொதிக்குதுங்க! எடுங்க கைய!" என்று அண்ணி பாய்ந்து வந்து இழுத்தாள். விரல் நுனி சிவந்திருந்தது. அவன் அதை வேடிக்கை பார்த்தான்.

"நரம்பெல்லாம் கையில மட்டும்தான் அறுந்துது. வாயில அறுந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்றாள் அண்ணி. தண்ணீர்க் குழாயைத் திறந்தவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "நாளன்னைக்குத்தானே கூட்டம்? ஆயிடும்ல?"

"ஆயிடும் அண்ணி" என்றாள் பாப்பா.

மறுநாள் கடைசிச் சோதனை. கம்பிவலைத் தளத்தின் மேல் எலிகள் உட்கார்ந்திருக்க, கீழிருந்து நைலான் இழையால் காயப்பட்ட காலின் பாதத்தைத் தொட வேண்டும். மெல்லிய இழை, கொஞ்சம் தடித்த இழை, அதைவிடத் தடித்தது என்று வரிசையாக. எலி காலைத் தூக்கினால் ஒன்று, தூக்காவிட்டால் பூஜ்யம். தூக்கினால் உணர்ச்சி திரும்பிவிட்டது என்று பொருள். எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்பது தொடுகிறவளுக்குத் தெரியக் கூடாது. அந்த ரகசியம் ஒரே ஒருவரிடம் இருக்கும். அவர் அவளுடைய சக ஆய்வாளர். வாயைத் திறக்கவே மாட்டார் என்பதால் ஆய்வுக்கூடம் முழுக்க அவருக்குப் பூட்டு என்று பெயர். வாலில் வண்ணப் பொட்டுதான் எலிகளுக்கு அடையாளம்.

சில எலிகள் மிக மெல்லிய இழைக்கே காலை வெடுக்கென்று தூக்கின. முந்தைய வாரங்களிலும் அப்படித்தான். "காயம் படாத எலியையே மிஞ்சிடுச்சு!" என்று எல்லாரும் கைதட்டியிருந்தார்கள். பாப்பாவும் தட்டியிருந்தாள்.

அன்று அவள் குறித்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகரும் முன், ஏனோ ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். இழை போய்விட்டது. நீலப்பொட்டு எலி தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. விரல்களைச் சுருக்கிக்கொண்டு, மற்ற மூன்று கால்களில் நின்று, பாதத்தை நக்கியது. பிறகு வலையில் அதை ஊன்றப்போய், ஊன்றாமல் மறுபடி தூக்கிக்கொண்டது.

அதே இழையைத் தன் புறங்கையில் வைத்து அழுத்தினாள். பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. நல்ல கால் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாத இழை இது. இதற்கு யார் காலை இழுத்துக்கொள்வார்கள்?

காலைத் தூக்கியதா என்றுதான் இத்தனை நாளும் கேட்டிருந்தார்கள். ஏன் தூக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. மரத்துப்போன காலையே பார்த்துப் பார்த்துக் கிடந்தவர்களுக்கு, அசைந்த காலெல்லாம் நல்ல காலாகத் தெரிந்திருந்தது.

ஆய்வுக்கூட இயக்குநர் அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல கூட்டம். இப்ப வந்து எலி ஒத்தக் காலைத் தூக்கிட்டு நிக்குதுன்னா நான் என்னம்மா சொல்றது?"

"உணர்ச்சியா வலியான்னு நமக்குத் தெரியலன்னு சொல்லுங்க சார்."

"உங்க அண்ணன் பேரும் அதுல இருக்கு."

"தெரியும் சார்."

"அதான் விஷயம். சொந்த மனுஷன்னு வந்தா எல்லாருக்கும் கை நடுங்கும். எலி மேல பழி போடாதீங்க."

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பயந்த கண்ணுக்கு எதுவும் தெரியும்.

"கூட்டத்துக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிக்கிறேன்" என்றாள்.

"பண்ணுங்க. ஆனா அழுதுகிட்டு வராதீங்க. எதையாவது கையில கொண்டுவாங்க."

விடிந்ததும் விடியாததுமாக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பழைய பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள். அதில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம், நடுவே திறந்த வழி. எலிக்கு இருட்டுதான் வீடு. வெளிச்சம் என்றால் நடுக்கம். இருட்டில் இருக்கும்போது காயப்பட்ட காலை மெல்லிய இழையால் தொடுவது, வெளிச்சத்துக்குப் போனால் நல்ல காலைத் தொடுவது என்று வைத்துக்கொண்டாள். தொடுதல் வெறும் தொடுதல் என்றால் அது இருட்டிலேயே இருக்கும். வலியென்றால் பயத்தையும் மீறி ஓடும்.

பூட்டு பின்னால் கை கட்டி நின்றிருந்தார்.

"நீங்க வெளிய போய் நில்லுங்க" என்றாள்.

"நான் வாயே தெறக்கலையே மேடம்."

"வாய்க்குத்தான் பூட்டு. முகம் தெறந்து கெடக்கு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்.

முதல் எலி இருட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. தொட்டாள், மீசையை ஆட்டியது, அவ்வளவுதான். அடுத்ததும் அப்படியே. இயக்குநர் சொன்னதுதான் சரி, அண்ணனுக்குக் கை வந்துவிடும் என்று மனம் ஓடத் தொடங்கியது. பிறகு நீலப்பொட்டு. இருட்டுக்குள் ஓடிப் பதுங்கியது. தொட்டாள், காலை உதறியது. மறுபடி தொட்டாள். வெளியே தலையை நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டாள். விளக்கின் நட்டநடு வெளிச்சத்தில் போய், உடம்பெல்லாம் நடுங்க நின்றது. திரும்பி வரவே இல்லை.

அதன்பின் பல எலிகள் அதையே செய்தன. ஒவ்வொன்றும் வாசலில் தயங்கியபோது, போகாதே, போகாதே என்று அவள் உதடு அசைந்தது. அவை போயின.

பூட்டைக் கூப்பிட்டு, வெளிச்சத்துக்கு ஓடிய எலிகளின் பொட்டுகளைச் சொன்னாள்.

"மருந்து" என்றார் அவர். "மருந்து. மருந்து. இது... தண்ணிதான். மருந்து." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. மருந்து போட்டதில் இரண்டு மட்டும் ஓடாமல் இருட்டிலேயே தங்கியிருந்தன. மீதியெல்லாம் ஓடியவை.

கூட்டத்தில், அவள் எழுதிக் கொடுத்த முடிவைப் படித்துவிட்டு இயக்குநரே எழுந்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். பாப்பா பக்கம் அவர் பார்க்கவில்லை.

அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இல்லண்ணா. குடுக்க மாட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவன் எழுந்தான். "நீ சொன்னியா? எவனோ சொல்லியிருந்தாக்கூட விட்ருப்பேன். நீ சொன்னியா?"

"நரம்பு வளருதுண்ணா. ஆனா தப்பா வளருது. தொட்டா வலிக்கும்."

"வலிச்சா வலிக்கட்டுமே! என் கை, என் வலி. நான் தாங்கிக்கிறேன். இது கட்ட மாதிரி தொங்குதே, இதை நீ தாங்குவியா?"

"அவள ஏங்க..." என்று அண்ணி தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. இன்னும் கொஞ்ச நாள் போனா இது எதுக்கும் ஆகாது. தெரிஞ்சுதானே பண்ணியிருக்கா, டாக்டரு."

பாப்பா என்று சொல்லாமல் அவன் அவளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அவன் சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்தாள்.

"கத்தி பட்டாத்தான் வலிக்கும்னு இல்லண்ணா. இது பட்டாலே எரியும். இந்தச் சட்டைக் கை. போர்வை. நீ தடவிப் பாக்குற துணி. எது பட்டாலும் நெருப்பு மாதிரி இருக்கும். அது எப்ப நிக்கும்னு எனக்குத் தெரியாது. நிக்குமான்னும் தெரியாது."

"துணி பட்டாலா?"

"துணி பட்டாலும்."

அவன் உட்கார்ந்தான். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். தெருவில் ஏதோ வண்டி ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி போய் ஜன்னலைச் சாத்தினாள்.

அண்ணன் கேட்டான். "அப்போ அந்த எலிங்களுக்கு இப்போ எரிஞ்சுகிட்டு இருக்குமா?"

"இருக்கும்."

"எல்லாத்துக்குமா?"

"பாதிக்கு."

"அதுக்கு மருந்து இருக்கா?"

"குறைக்கிறதுக்கு இருக்கு. சோதனை முடியறவரை குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தோம்."

"அதான் முடிஞ்சு போச்சே" என்றான் அண்ணன். அவன் குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. "இங்க உக்காந்து என் மூஞ்சிய என்ன பாத்துகிட்டு இருக்கே? போய்க் குடு, போ."

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.